கன்ட்ரோல் அக்காவும் பாதிச் சிங்கமும்

தாம்பரத்துக்குத் தெற்கே இதுவரை பிறந்தவர்களில், ஒரு தலைவலி மாத்திரையைக்கூட இன்னொரு தலைவலிக்காரரின் துணையில்லாமல் விழுங்காத ஒரே பெண்மணி எங்கள் கன்ட்ரோல் அக்காதான். தலை வலித்தால் முதலில் லேப் முழுக்க ஒரு சுற்று வருவாள். "யாருக்குனா தலை வலிக்குதா?" என்று கேட்பாள். ஆமாம் என்று எவராவது வாயைத் திறந்துவிட்டால் தொலைந்தார். அக்கா மாத்திரை போட்டுக்கொள்வாள். அவர் போட்டுக்கொள்ளக் கூடாது. யாருக்கு முதலில் வலி நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அங்கே வேலை பார்த்த எல்லோரும் நெற்றி நரம்பு தெறித்தாலும் சிரித்துக்கொண்டே நடமாடக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

நான் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்க வருவதற்கு முன்னால் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன் என்றால் என் வீட்டுக்காரரே நம்புவதில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில், ஒரு கல்லூரியின் பின்பக்கத்தில், மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் நிற்கிற கட்டடம் ஒன்றில் எங்கள் லேப் இருந்தது. மூலிகைச் சாறுகள் வைரஸைத் தடுக்கின்றனவா என்று சோதிப்பது வேலை. அங்கே மூத்த விஞ்ஞானி அக்கா. கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்று அக்காவை டாக்டர் பட்டம் வரைக்கும் படிக்க வைத்தவர். மீட்டிங்கில் அக்கா பேசுகிற இங்கிலீஷைக் கேட்டால் லண்டன்காரன் குறிப்பெடுப்பான். மீட்டிங் முடிந்து கதவைச் சாத்தியதும் "இன்னா பேஜாருடா சாமி" என்று குப்பத்துக்குத் திரும்பிவிடுவாள்.

அவளுக்குப் பெயர் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. எங்கள் தொழிலில் மருந்து போட்டதற்குப் பக்கத்தில் மருந்து போடாதது ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதற்குத்தான் கன்ட்ரோல் என்று பெயர். மற்றவர்கள் அதை லேபில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்கா வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள்.

கேண்டீனில் எப்போதும் இரண்டு டீ சொல்வாள். ஒன்றில் இஞ்சி, இன்னொன்றில் இல்லை. மாறி மாறி ஒரு மடக்கு குடித்துவிட்டு யோசிப்பாள். கேண்டீன் மாஸ்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "யக்கா, நீ டீ குட்க்க வந்தியா, என் டீய பெயிலாக்க வந்தியா?" என்று கேட்டேவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம், மாப்பிள்ளையோடு அவருடைய தம்பியையும் உட்கார வையுங்கள், ஒப்பிட வேண்டும் என்று அக்கா கேட்டதாக லேபில் ஒரு வதந்தி உலவியது. அவளிடமே விசாரித்தேன். "பொய்யிடி. தம்பிய எங்க கேட்டேன்? ஃப்ரெண்டு ஒருத்தரதான் கேட்டேன்" என்றாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

ஊரே கஷாயம் குடித்த அந்த வருடங்கள் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கேட்டில் தினமும் யாராவது மஞ்சப் பையில் இலையோடு நிற்பார்கள். பம்மலிலிருந்து ஒருவர் வந்தார். "மேடம், இந்த இலைய கஷாயம் வெச்சு எங்க மாமா குடிச்சாரு. காய்ச்சல் போன இடம் தெரியல. நீங்க டெஸ்ட் பண்ணி கவர்மென்ட்டுக்கு சொல்லணும்" என்றார்.

"சரி சார். குடிக்காத மாமா யார்னா கீறாரா?" என்றாள் அக்கா.

"என்னது?"

"அதே வூடு, அதே காச்சலு, கஷாயம் மட்டும் குடிக்காத ஆளு. அவருக்கு இன்னாச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "பெரியப்பா ஒருத்தர் இருக்காரு. கசக்குதுன்னு துப்பிட்டாரு."

"எப்டி கீறாரு?"

"அவருக்கும் சரியாயிடுச்சு. இப்ப திருப்பதி போயிருக்காரு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் தொங்கிப் போய்ப் பையைச் சுருட்டினார். அக்கா விடவில்லை. "இலைய குடுத்துட்டுப் போங்க சார். பெரியப்பா கத வேற, இல கத வேற. பாத்துட்டு போன் பண்றேன்" என்று வாங்கி வைத்தாள். உண்மையிலேயே சோதித்து உண்மையிலேயே போன் செய்தாள். இலையில் ஒன்றும் இல்லை என்ற செய்தியை அத்தனை மரியாதையாக ஒருவருக்குச் சொல்ல முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

இன்னொரு சமயம் லேபில் வளர்த்த செல்களில் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகிக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் அண்ணன் கண் திருஷ்டிதான் என்று தீர்ப்புச் சொல்லி, முறைக்கிற முகம் வரைந்த பூசணிக்காய்கள் இரண்டோடு வந்தார். அக்கா ஆட்சேபிக்கவில்லை. முன் கேட்டில் மட்டும் கட்டச் சொன்னாள். பின் கேட் சும்மா இருக்கட்டும் என்றாள். பூஞ்சை அதுபாட்டுக்கு இருந்தது. ஆனால் அடுத்த மாதமே தண்ணி லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து பின் கேட்டைப் பெயர்த்துவிட்டது. லேபே கொண்டாடியது. வாட்ச்மேன் அண்ணன் விழுந்து கிடந்த கேட்டின் மேல் ஏறி நின்று, "இப்ப இன்னா சொல்ற டாக்டரம்மா?" என்றார்.

"ஒரு தபா நடந்தா கணக்குல வராது அண்ணா. லாரிய இன்னொரு தபா வரச் சொல்லு" என்றாள் அக்கா.

எங்கள் சோதனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் பணியாரக் கல் மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள். குழிகளின் அடியில் உயிருள்ள செல்களை வளர்ப்போம். வைரஸை விட்டால் அவை செத்துப்போகும். வைரஸோடு மூலிகைச் சாற்றையும் விட்டு, அப்படியும் செல்கள் சாகவில்லை என்றால் சாற்றில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறதா என்று தெரிய ஒரு மஞ்சள் சாயம் ஊற்றுவோம். உயிருள்ள செல் அந்த மஞ்சளைக் கத்திரிப்பூ நிறமாக மாற்றிவிடும். கத்திரிப்பூ நிறம் வந்தால் லேபில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அக்கா மட்டும் சந்தோஷப்பட மாட்டாள். முதல் வாரமே என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பாடம் எடுத்தாள். "வூட்ல லைட்டு எரிஞ்சா உள்ள ஆளு கீதுன்னு நெனக்கிற. ஆளே இல்லாத வூட்லயும் லைட்டு எரியுதான்னு பாத்தியா? சில செடியோட சாறு கீதே, செல்லே இல்லாங்காட்டியும் அதுவே சாயத்த மாத்திப்புடும். அத்தொட்டு, செல்லு போடாத குழில வெறும் சாறும் சாயமும் ஊத்தி வெக்கணும். லைட்ட நம்பாத. காலி வூட்ட மொதல்ல பாரு."

அன்றிலிருந்து எங்கள் தட்டு ஒவ்வொன்றிலும் ஓரத்து வரிசை காலி வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மறந்தால் தட்டு குப்பைக்குப் போகும். பார்த்துப் பார்த்து வைத்த என்னுடைய தட்டுகள் அப்படிக் குப்பைக்குப் போயிருக்கின்றன. நான் வாய்க்குள் திட்டியிருக்கிறேன். அவளுக்குக் கேட்டும் இருக்கிறது.

இந்த நிலைமையில் எனக்கு அக்கி வந்தது. நாங்கள் லேபில் சோதித்தது, காய்ச்சல் வந்தால் வாயோரம் கொப்புளம் கிளப்புகிற வைரஸை. அக்கி வைரஸ் அதற்குப் பங்காளி முறை. சொந்தக்காரனை இம்சித்ததற்குப் பழி வாங்கியதுபோல இடது கையில் தோளிலிருந்து முழங்கை தாண்டி வரிசையாகக் கொப்புளம். நெருப்புப் பட்ட எரிச்சல். டாக்டர் மாத்திரை கொடுத்தார். சிட்லப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்த பெரியம்மா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், மாத்திரையை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. "அக்கிக்கு எழுதணும். எழுதினாத்தான் அடங்கும்" என்று திருமுடிவாக்கத்திலிருந்து ஒரு குயவரை வரவழைத்துவிட்டார். அவர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே லீவு நாட்களில் அக்கி எழுதுகிறவர். காவிக் கட்டியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடும் என்பது ஏற்பாடு.

அவர் இறகை நனைத்த நேரத்தில் அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். என்னைப் பார்க்கத்தான் வந்தாள். ஆனால் காவியைப் பார்த்தவுடன் அவள் கண் போன போக்கைக் கண்டு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"அண்ணா, ஒரு நிமிஷம். கை முழுக்க எழுதாதீங்க. முழங்கைக்கு மேல மட்டும் எழுதுங்க. கீழ சும்மா வுட்ருங்க."

குயவர் இறகை இறக்கினார். "பாதி சிங்கமெல்லாம் வரையக் கூடாதும்மா. கோச்சிக்கும்."

"பாதி சிங்கம் இல்லண்ணா. முழு சிங்கம்தான். கொஞ்சம் சின்ன சிங்கம்."

"ஏம்மா, இது என்ன விளையாட்டு? அவ துடிச்சிட்டிருக்கா" என்றார் பெரியம்மா.

"விளையாட்டு இல்ல ஆன்ட்டி. எழுதுன பாதி மொதல்ல காயுதா, எழுதாத பாதி மொதல்ல காயுதான்னு பாத்தா உங்களுக்குத்தான ப்ரூஃப்?"

கணக்கு டீச்சருக்கு ப்ரூஃப் என்ற சொல் கேட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. "அப்படின்னா பண்ணுங்க. தெரிஞ்சுதான் போகட்டுமே" என்று கட்சி மாறிவிட்டார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் ஈனக் குரலில், "நான் மாத்திரையும் சாப்பிடறேனே அக்கா, சோதனை கெட்டுப்போகாதா?" என்று ஒரு கடைசி முயற்சி செய்தேன்.

"மாத்திர ரெண்டு பாதிக்கும்தான போவுது? அப்ப அது கணக்குல வராது. கைய நீட்டு" என்றாள்.

குயவர் மனம் வருந்தி ஒரு குட்டிச் சிங்கம் போட்டார். பூனை என்று சொன்னாலும் மறுக்க முடியாது.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து தினமும் சாயங்காலம் அக்கா வருவாள். கோவளத்து இளநீர் ஒன்றைக் கொடுப்பாள். கைக்குப் பக்கத்தில் அடிஸ்கேலை வைத்துப் போட்டோ எடுப்பாள். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் போக மாட்டாள். "எனக்கு சின்ன வயசுலயே அம்ம போட்டாச்சு, என்ன ஒண்ணியும் பண்ணாது" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். அக்கி எரிச்சலுக்கு ஃபேன் காற்று ஆகவில்லை, போர்வை ஆகவில்லை, எதுவுமே ஆகவில்லை. அக்கா கையில் இருந்த ஃபைல் அட்டையை எடுத்து மெதுவாக விசிறுவாள். விசிறிக்கொண்டே லேபில் அன்று நடந்த கூத்தையெல்லாம் சொல்வாள். வாட்ச்மேன் அண்ணன் மறுபடியும் பூசணி வாங்கியது, கேண்டீன் மாஸ்டர் அவளைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தது. நான் தூங்கிப் போகிற வரைக்கும் அட்டை நிற்காது.

முடிவில் இரண்டு பாதியும் ஒரே சமயத்தில் காய்ந்தன. "வித்தியாசம் இல்ல" என்று அக்கா அறிவித்தாள். பெரியம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குயவர்தான் அசரவில்லை. "சிங்கம் மேல இருந்தா கீழ இருக்கறது தானா ஓடாதா? ஒரு சிங்கம் போதும்மா" என்றார். அக்கா அதையும் குறித்துக்கொண்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் அம்மாவிடம் ஒரு கொடி இருந்தது. கடற்கரை மணலில் படர்வது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலை உங்களில் பாதிப்பேர் அரைத்துக் குடித்துவிடுவீர்கள். குப்பத்தில் எந்தக் குழந்தைக்கு வாயோரம் கொப்புளம் வந்தாலும் அம்மாவிடம்தான் தூக்கி வருவார்கள். அவர் அந்த இலையை அரைத்துத் தடவுவார். எல்லோருக்கும் சரியானது. அக்கா விஞ்ஞானி ஆனதே என்றைக்காவது இந்தக் கொடியை நிரூபித்து, மீன் கூடை சுமந்த அம்மாவைத் தலை நிமிர்த்தி நிற்க வைக்கத்தான் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கொடியைச் சோதித்தோம். கத்திரிப்பூ நிறம் என்றால் அப்படி ஒரு கத்திரிப்பூ நிறம். மறுபடியும் செய்தோம், மறுபடியும் அதே நிறம். டைரக்டர் சார் லேபுக்குள் ஓடி வந்தார். ஓடுவது அவர் வழக்கம் இல்லை. எங்கள் திட்டத்துக்கு நிதி தருகிற குழு மதிப்பாய்வுக்கு வரவிருந்த நேரம் அது. முடிவு நன்றாக இருந்தால் திட்டம் நீளும். அக்காவின் வேலை நிரந்தரமாகும். அவள் எத்தனை காலமாகக் கான்ட்ராக்டில் இருந்தாள் என்றால், அவளுடைய அடையாள அட்டையில் இருந்த பழைய படத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பிய கதையெல்லாம் உண்டு.

டைரக்டர் சார் நல்ல மனுஷர். ஆனால் விழா என்றால் அவருக்குக் கை கால் நிற்காது. தானே காரை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்குப் போய், மீன் கடைக்கு முன்னால் நின்று, அக்காவின் அம்மாவை மேடையில் கௌரவிக்க அழைத்துவிட்டு வந்தார். பேனர் அடிக்கக் கொடுத்தார். பேனரில் கொடி, கொடிக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம். மார்க்கெட் முழுக்கச் செய்தி பரவி, அம்மா அன்று கடை போட மாட்டார் என்று வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று.

மதிப்பாய்வுக்கு முந்தின நாள் காலை. அக்கா பேசப்போகிற படங்களை நான் கம்ப்யூட்டரில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொடித் தட்டின் படத்தைப் பெரிதாக்கியபோது ஏதோ இடித்தது. ஓரத்து வரிசையைப் பார்த்தேன். மற்ற தட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். கொடிக்கு மட்டும், ஒரு தட்டில்கூட, அந்த வரிசை இல்லை.

"அக்கா, காலி வீடு எங்கே?"

"எந்த வூடு?"

"ஆள் இல்லாத வீடு. கொடிக்கு மட்டும் போடவே இல்லையே."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறந்துட்டேன்" என்றாள்.

அதை நம்ப வேண்டுமென்றால் நான் வேறு யாரிடமாவது தொழில் கற்றிருக்க வேண்டும். கொடித் தட்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன்.

"மறக்கலடி" என்றாள். "ஒவ்வொரு தபாவும் போடணும்னுதான் கைய எடுப்பேன். அம்மா மூஞ்சி வந்து நிக்கும். 'நீயுமாடி என்ன நம்பல'ன்னு கேக்குறா மாதிரி கீது. அப்பால போட்டுக்கலாம், அப்பால போட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்."

விட்டுவிடலாம் அக்கா என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் எழுந்து கையுறை மாட்டிக்கொண்டாள். செல் போடாத குழிகள். அவற்றில் கொடியின் சாறு, சாயம். வேறு ஒன்றும் இல்லை. தட்டைச் சூடு காக்கிற பெட்டியில் வைத்துவிட்டுக் கேண்டீனுக்குப் போனோம். அன்று அக்கா ஒரே ஒரு டீ சொன்னாள். மாஸ்டர் பதறிப்போய், "யக்காவுக்கு உடம்பு சரியில்லயா?" என்று என்னைக் கேட்டார்.

மதியம் தட்டை எடுத்தோம். குழிக்குக் குழி கத்திரிப்பூ நிறம். ஆளே இல்லாத வீட்டில் தீபாவளி.

"அக்கா, ஓரத்துல கொஞ்சம் மஞ்சளாத் தெரியலை?" என்றேன்.

"கண்ணாடிய மாத்து" என்றாள்.

கொடி வைரஸைத் தடுக்கவில்லை. சாயத்தை மட்டும் மாற்றியிருக்கிறது. அக்கா நேரே டைரக்டர் அறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அவர் தட்டைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"ரிவ்யூ நாளைக்கும்மா. இன்னிக்குக் கண்டுபிடிச்சதை அடுத்த வாரம் கண்டுபிடிக்கக் கூடாதா?"

"கண்டுபிடிச்சாச்சே சார்."

"யாருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் மேஜையிலிருந்த சால்வையைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்காக அவரே கடைக்குப் போய் எடுத்தது. "உங்க வேலைக்காகத்தான் சொல்றேன்மா. இது போச்சுன்னா எக்ஸ்டென்ஷன் வராது. சரி, அம்மாவையாவது வர வேண்டாம்னு சொல்லிடலாமா?"

"வரட்டும் சார். பொடவைக்கு இஸ்திரி போட்டாச்சு" என்றாள் அக்கா.

மறுநாள் அம்மா பட்டுப்புடவையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் என் பொண்ணு, என் பொண்ணு என்று மேடையைக் காட்டினார். பேனரைக் கழற்ற நேரம் இல்லாததால் அவர் முகமும் கொடியும் மேலேயே தொங்கின. அக்கா எழுந்தாள். முதல் படமாகவே காலிக் குழிகளைப் போட்டாள். இந்த நிறம் எங்கள் வெற்றி இல்லை, எங்கள் தவறு. இந்தச் சோதனையை முதலிலேயே செய்யாதது என் தவறு என்று இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். முடித்துவிட்டு நன்றி சொன்னபோது அந்த அறையில் ஒரு சத்தம் இல்லை. முன்வரிசையில் அம்மா மட்டும் இரண்டு கையையும் உயர்த்திப் பலமாகத் தட்டினார். ஒரு வார்த்தையும் புரியாமல், முகமெல்லாம் பல்லாக.

சால்வையைப் போர்த்தத்தான் செய்தார் டைரக்டர் சார். அதற்காக அவரை நான் எப்போதும் மன்னிக்கத் தயார்.

பிறகு அக்கா அம்மாவைப் பைக் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"இன்னாடி சொன்ன அவங்களாண்ட?" என்றார் அம்மா.

"உன் கொடில மருந்து இல்லன்னு சொன்னேம்மா. நாங்க பாத்த வரிக்கும் இல்ல."

அம்மா சால்வையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நம்ம குப்பத்துல அத்தினி புள்ளைங்களுக்கு சரியாச்சே?"

"அது தானா காயறதும்மா. தடவுனாலும் காயும், தடவாங்காட்டியும் காயும்."

"காயட்டும்" என்றார் அம்மா. "அதுவரிக்கும் எரியுது எரியுதுன்னு புள்ள அழுவுமே. பக்கத்துல யாரு குந்திகினு இருக்கறது? சொம்மா குந்திகினு இருந்தா அது அழுகைய நிறுத்துமா? கைல எதுனா எடுத்துகினு தடவிகினே இருக்கணும் இல்ல?"

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அம்மா சால்வை நுனியால் அவள் முகத்தைத் துடைத்தார். "இன்னாத்துக்கு அழுவுற? பொய் சொல்லல இல்ல? அப்பறம் இன்னா. வா, பஸ்ஸு வந்துரும்."

திட்டம் நீளவில்லை. மிச்சம் இருந்த நாட்களில் அக்கா அந்தக் கொடியைச் சாயமே இல்லாத வேறு முறையிலும் சோதித்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. பிறகு லேபைப் பூட்டினார்கள். நான் எழுத வந்தேன். அக்கா இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே தலைவலியை யாரும் வெளியே சொல்வதில்லை என்று கேள்வி. போன வாரம் போன் செய்தாள். "நீ வாராவாரம் எழுதுறியே, நீ எழுதாத வாரம் புக்கு எத்தினி விக்குதுன்னு பாத்தியா?" என்று கேட்டாள். ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து இந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அக்காவின் சோதனை ஒன்றில் நான் கண்டுபிடித்த தவறைப் பற்றிச் சொன்னேன். இன்னொன்றும் இருக்கிறது, அதிலும் ஒரு காலி வீடு விட்டுப்போயிருந்தது. பைக் நிறுத்துமிடத்தில் அம்மா பேசிய அன்றுதான் எனக்கே அது பிடிபட்டது. அக்காவிடம் இதுவரை சொன்னதில்லை. என் கையில் சிங்கம் இருந்தது முழங்கைக்கு மேலே மட்டும்தான், சரி. ஆனால் சாயங்காலங்களில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் அந்த அட்டையால் விசிறிய காற்று, இரண்டு பாதிக்கும் வந்துகொண்டிருந்தது.